ஒரு சிற்றூர் மருத்துவரால் மருத்துவ அறிவியலையே மாற்ற முடியுமா?

முடியும். ஜூலியன் டியூடர் ஹார்ட் அதைச் செய்து காட்டினார். 1961இல் அவர் தெற்கு வேல்ஸில் இருக்கும் கிளின்கோருக் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்துக்குப் போனார். ஏறக்குறைய 2,000 பேர் கொண்ட ஊர் அது. கால் நூற்றாண்டுக்கும் மேலாக அங்கேயே மருத்துவம் பார்த்தார்.

உயர் ரத்த அழுத்தம் வலிக்காது. அதனால் நோயாளி தானாக வந்து சொல்ல மாட்டார். இதை உணர்ந்த ஹார்ட், நோயோடு வருகிறவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. 1968 முதல் ஊரில் இருந்த வயது வந்தோர் அனைவரின் ரத்த அழுத்தத்தையும் அளக்க முனைந்தார். வராதவர்களைத் தேடிப் போனார். அளந்ததோடு நிற்காமல், உயர்ந்திருந்தவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்ததுதான் என் பார்வையில் அவருடைய பெரிய சாதனை. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் பக்கத்துக் கிராமத்தோடு ஒப்பிட்டபோது, 65 வயதுக்கு முன் நேரும் இறப்புகள் இங்கே கால் பங்குக்கும் மேல் குறைவாக இருந்தன. புதிய மருந்து எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. ஒருவரையும் விட்டுவிடாமல் பார்த்தார், அவ்வளவுதான்.

1971இல் 'லான்செட்' மருத்துவ இதழில் அவர் எழுதிய 'தலைகீழ்ப் பராமரிப்பு விதி' இன்றும் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. அந்த விதி சொல்வது இதுதான்: நல்ல மருத்துவம் யாருக்கு மிகவும் தேவையோ, அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது. சந்தையின் பிடி இறுக இறுக இந்த அநீதி கூடுகிறது என்றார். சுரங்கத் தொழிலாளர்களின் வீடுகளுக்குள் போய் வந்தவர் என்பதால்தான் இதை இவ்வளவு துல்லியமாக எழுத முடிந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஹார்ட் 2018இல் காலமானார்.