சீசன் தொடங்குமுன்: கிளப் ஆட்டக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

முதல் மேட்சுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. பல வருடம் கிளப் கிரிக்கெட் ஆடியவன், இப்போது பையன்களுக்குப் பயிற்சி தருகிறவன் என்ற முறையில் என்னிடம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, புது பேட் வாங்கியிருக்கிறேன். "நாக் பண்ணியாச்சு (மரத்தைத் தட்டி இறுக்கியாச்சு), அப்படியே ஆடலாம்" என்கிறார் கடைக்காரர். இறக்கலாமா?

வேண்டாம் தம்பி. கடையில் மெஷினால் அழுத்தித் தருவது பாதி வேலைதான். காய்ச்சாத ஆளிவிதை எண்ணெய் ஒரு டீஸ்பூன் எடுத்து, முகப்பிலும் விளிம்பிலும் மெல்லத் தடவி ஒரு நாள் படுக்க வை. கைப்பிடி இணைப்பிலும் ஸ்டிக்கரிலும் எண்ணெய் படக்கூடாது. முகப்பில் பாதுகாப்பு ஷீட் ஒட்டியிருந்தால் அதன் மேலும் தடவாதே. அப்புறம் மேலட் என்கிற மரச்சுத்தியலால் மெதுவாகத் தட்ட ஆரம்பித்து, நாளாக ஆகப் பலத்தைக் கூட்டு. மொத்தம் நாலைந்து மணி நேரம், பல நாளாகப் பிரித்துச் செய். விளிம்பை நேராகக் குத்தாமல் 45 டிகிரி சாய்த்துத் தட்டினால் அதன் கூர்மை மழுங்கி உருண்டையாக வரும்.

கடைசியில் பழைய லெதர் பந்தை மெதுவாகப் போடச் சொல்லி ஆடிப் பார். தையல் தடம் மரத்தில் பதிந்தால் பேட் இன்னும் தயாராகவில்லை, திரும்ப மேலட்டை எடு. அவசரப்பட்டு நான் முதல் மேட்சிலேயே இறக்கிய பேட், காலடியில் விழுந்த ஒரு யார்க்கர் பந்தில் அடிமுனை பிளந்துபோனது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

எனக்கு 16 வயது, வேகப்பந்து வீசுகிறேன். நாலு மாதம் பந்தையே தொடவில்லை. தினமும் நெட்ஸில் போட்டால் பழைய வேகம் வந்துவிடுமா சார்?

வேகம் வருவதற்குள் முதுகு போய்விடும். சும்மா இருந்த உடம்பில் திடீரென்று சுமை ஏறும்போதுதான் இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்குக் கீழ்முதுகு எலும்பில் நுண்முறிவு வருகிறது. வந்துவிட்டால் மாதக்கணக்கில் ஓய்வு. முதல் வாரம் இரண்டு நாள், நாளுக்கு 24 பந்து, முக்கால் வேகம், அது போதும். வாரா வாரம் கொஞ்சம் கூட்டு. ஓவராகக் கணக்கு வைக்காமல் பந்தாக எண்ணி நோட்டில் எழுது. நெட்ஸில் "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்று போட்டதெல்லாம் அதில் வரவேண்டும். பின்னால் வளையும்போது ஒரே பக்கமாக வலித்தால் அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார். இதில் வீரம் வேண்டாம், கண்ணா.

டென்னிஸ் பந்திலிருந்து லெதருக்கு மாறுகிறேன். தோள் வலிக்கிறது, கேட்சும் நழுவுகிறது.

டென்னிஸ் பந்து சுமார் 58 கிராம், லெதர் 155.9 முதல் 163 கிராம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு எடையைத் தோள் எறிகிறது, வலிக்கத்தானே செய்யும்? இரண்டு வாரம் இருபது மீட்டருக்குள் மட்டும் எறியுங்கள். கேட்ச் பிடிக்கும்போது கை பந்தை நோக்கிப் போகாமல், பந்தோடு சேர்ந்து பின்வாங்கட்டும்.

மகனுக்கு 11 வயது. அவன் அண்ணனுடைய ஹெல்மெட்டையே போடலாமா?

வேண்டாம் அம்மா. சிறுவர் பந்து சிறியது. பெரியவர் அளவுக்கு வைத்த கிரில் (முகத்துக்கு முன்னால் உள்ள கம்பி) இடைவெளியில் அது நுழைந்து முகத்தில் பட வாய்ப்புண்டு. கிரிக்கெட் ஹெல்மெட்டுக்கான பிரிட்டிஷ் தரமான பிஎஸ் 7928:2013 சோதனையே பெரியவர் பந்துக்கும் சிறுவர் பந்துக்கும் தனித்தனியாக நடக்கிறது. வாங்கும்போது சிறுவர் பந்துக்குச் சோதித்ததா என்று லேபிளைப் பாருங்கள். பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள்.

விதிகளில் எதை நினைவில் வைக்கவேண்டும்?

2022 அக்டோபரில் வந்த மாற்றங்களையே இன்னும் பலர் மறக்கிறார்கள். கேட்ச் அவுட்டானால், ஓடும்போது பேட்டர்கள் இருவரும் ஒருவரையொருவர் கடந்திருந்தாலும், ஓவர் முடியாதவரை புதிய ஆட்டக்காரர்தான் அடுத்த பந்தைச் சந்திக்கவேண்டும். பந்தில் எச்சில் தடவக்கூடாது, வியர்வை பரவாயில்லை.

கேப்டனாகிவிட்டேன். 15 பேர் இருக்கிறார்கள், நாலு பேரை உட்காரவைக்க மனசு வரவில்லை.

அந்த மனசு இருக்கட்டும். ஆனால் மேட்ச் அன்று காலையில், ஷூ மாட்டிக்கொண்டிருப்பவரிடம் போய்ச் சொல்லாதீர்கள். முந்தின நாளே போன் போட்டு, உங்கள் வாயால், காரணத்தோடு சொல்லுங்கள். ஆடுகிறவருக்கு அடிபட்டால் அவருக்குப் பதிலாக ஃபீல்டிங்குக்கு இறங்கும் மாற்று ஆட்டக்காரர் பந்து வீச முடியாது, ஆனால் அம்பயர்கள் சம்மதித்தால் கீப்பிங் செய்யலாம். அதனால் உட்காரும் பையன் கீப்பராக இருந்தால், கிளவுஸோடு வரச் சொல்லுங்கள்.