பின்கட்டில் பூட்டப்பட்ட தம்பி: எந்தக் கதவைத் தட்டுவது?

கேள்வி: என் சித்தி மகனுக்கு 32 வயது. பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு உள்ளவன். சில சொற்கள்தான் பேசுவான், ஆனால் நாம் சொல்வது புரியும். சித்தியும் சித்தப்பாவும் காலமான பிறகு மூன்று வருடமாகக் கிராமத்தில் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறான். பொங்கலுக்குப் போயிருந்தபோது பின்கட்டில் தீவனம் வைக்கும் அறையில் அவனை விட்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்தான். முன்கையில் சூடு வைத்தது போல இரண்டு தழும்புகள். மாத உதவித்தொகையை அண்ணனே எடுத்துக்கொள்கிறார். சித்தி பெயரில் உள்ள ஒன்றரை ஏக்கரில் அவன் பங்கையும் எழுதி வாங்கப் போகிறார்கள் என்று அண்ணி வாய்தவறிச் சொல்லிவிட்டார். காவல் நிலையத்தில் கேட்டேன். “குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்” என்று அனுப்பிவிட்டார்கள். நான் திருப்பூரில் இருக்கிறேன். நேரே போய் அவனை அழைத்து வந்துவிடலாமா? புகார் கொடுத்தால் அவனுக்கு அடி அதிகமாகுமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: சாப்பாடு நின்றுவிட்டது, காய்ச்சலோடு பூட்டிக் கிடக்கிறார் என்பது போன்ற செய்தி ஊரிலிருந்து வந்தால், நான் கீழே எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 112ஐ அழையுங்கள். அழைத்த நேரத்தையும் பேசியதையும் குறித்து வையுங்கள். அந்த அளவுக்கு இல்லையென்றால், இது ஒரு வாரத்தில் முறையாகச் செய்து முடிக்கக்கூடிய வேலை.

உங்கள் தம்பியின் நிலையில் ஒரு வேடிக்கையான சங்கடம் உண்டு. அவர் குழந்தையாக இருந்தால் 1098 இருக்கிறது. பெண்ணாக இருந்தால் 181 எண்ணும், 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும், மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலரும் உண்டு. அறுபதைத் தாண்டியவர் என்றால் முதியோருக்கான 14567. முப்பத்திரண்டு வயது ஆண் இந்த வலைகள் எல்லாவற்றின் கண்ணிகள் வழியாகவும் நழுவிக் கீழே விழுந்துவிடுகிறார். அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்களுக்கென்றே மாநிலந்தோறும் ஒரு பிரிவு இருக்கிறது. தகவல் போனதும் அதன் பணியாளர் வீடு தேடி வருவார். நம்மிடம் அப்படித் தனி அமைப்பு இல்லை. ஆனால் சட்டத்தில் ஒரு கதவு இருக்கிறது. அதை யாரும் அதிகம் தட்டுவதில்லை என்பதால் துருப்பிடித்துக் கிடக்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. அதன் 7ஆம் பிரிவுதான் நான் சொல்லும் கதவு. ஒரு மாற்றுத்திறனாளி கொடுமைக்கோ வன்முறைக்கோ சுரண்டலுக்கோ ஆளானார், ஆளாகிறார், அல்லது ஆளாகக்கூடும் என்று நம்பக் காரணம் உள்ள எவரும் அந்தப் பகுதியின் நிர்வாக நடுவருக்குத் தகவல் தரலாம். ‘எவரும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ரத்த உறவு தேவையில்லை, அக்கம்பக்கத்தார் போதும். பதிவு பெற்ற ஒரு தொண்டு நிறுவனமும் தரலாம். ‘ஆளாகக்கூடும்’ என்பதும் முக்கியம். அடி விழும்வரை காத்திருக்கச் சட்டம் சொல்லவில்லை. குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பும் உங்கள் தலையில் இல்லை.

நிர்வாக நடுவர் என்றதும் நீதிமன்றத்தைத் தேடாதீர்கள். நமக்குத் தெரிந்த தாசில்தாரும் கோட்டாட்சியரும்தான் அவர்கள். சாதிச் சான்றுக்கும் பட்டா மாறுதலுக்கும் ஏறி இறங்கும் அதே அலுவலகம். தகவல் கிடைத்ததும் கொடுமையை நிறுத்தவோ தடுக்கவோ உடனடியாக நடவடிக்கை எடுக்க வேண்டியது அவர் கடமை. பாதிக்கப்பட்டவரை மீட்டுப் பாதுகாப்பாக வைக்கவோ மறுவாழ்வு தரவோ காவல்துறைக்கோ, மாற்றுத்திறனாளிகளுக்காகப் பணிபுரியும் நிறுவனத்துக்கோ அவர் உத்தரவிடலாம். பாதுகாப்புக் காவலில் வைக்கலாம். பராமரிப்புத் தொகைக்கும் உத்தரவிடலாம். சம்பவம் குற்றமாகத் தெரிந்தால் புகாரை நீதித்துறை நடுவருக்கு அனுப்பலாம்.

நடைமுறையில் என்ன நடக்கும் என்றால், பல அலுவலகங்களில் இந்தப் பிரிவில் மனு வந்ததே இருக்காது. “இது காவல் நிலையத்துக்குப் போக வேண்டியது” என்று திருப்பித் தரப் பார்ப்பார்கள். அதனால் மனுவின் தலைப்பிலேயே ‘மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 7(2)இன் கீழ்த் தகவல்’ என்று எழுதுங்கள். அந்தப் பிரிவின் நகலையும் சேர்த்துக் குத்துங்கள். சட்டம் தெரியாத அதிகாரியைவிட, தெரியாது என்று காட்டிக்கொள்ள விரும்பாத அதிகாரிகளே அதிகம். எதிரில் பிரிவு எண் இருந்தால் மனு நகரும். தாசில்தாருக்கும் கோட்டாட்சியருக்கும் பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்ட். அதே மனுவின் நகலைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்து எண் வாங்குங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் ஒரு நகல் போகட்டும். உதவித்தொகை யார் கைக்குப் போகிறது என்பதை விசாரித்து மாற்ற வேண்டிய இடம் அதுதான்.

இனி மனுவில் எழுத வேண்டியது. ‘கொடுமைப்படுத்துகிறார்கள்’ என்ற சொல்லுக்கு அலுவலகத்தில் எடை கிடையாது. எந்த நாள், எத்தனை மணி, தாழ்ப்பாள் அறையின் எந்தப் பக்கம், தரையில் என்ன விரித்திருந்தது, தழும்பு எந்தக் கையில், எவ்வளவு நீளம். அண்ணி சொன்ன வாக்கியத்தை அவர் சொன்னபடியே எழுதுங்கள். காதால் கேட்டதையும் கண்ணால் கண்டதையும் கலக்காதீர்கள். இன்னொன்று: உங்கள் கடிதத்தில் பாசத்தோடு ‘அவன்’ என்றே எழுதியிருக்கிறீர்கள். மனுவில் பெயரும் வயதும் போட்டு ‘அவர்’ என்று எழுதுங்கள். வளர்ந்த ஒரு மனிதரைத் தீவன அறையில் பூட்டியிருக்கிறார்கள் என்பது படிப்பவருக்கு உறைக்க வேண்டும். தழும்பின் படம் இருந்தால் இணையுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மட்டும் அதைப் போட்டுவிடாதீர்கள்.

அடி அதிகமாகுமோ என்ற உங்கள் பயம் நியாயமானது. பெரும்பாலும் அது புகாரால் நடப்பதில்லை, முன்னறிவிப்பால் நடக்கிறது. “ஒழுங்காக வைத்துக்கொள், இல்லையென்றால் கலெக்டரிடம் போவேன்” என்று யாராவது போனில் மிரட்டுவார்கள். அல்லது பெரியவர்கள் கூடிப் பஞ்சாயத்துப் பேசுவார்கள். அந்தப் பேச்சுக்கும் அதிகாரி வருவதற்கும் இடைப்பட்ட நாட்கள்தான் ஆபத்து. எனவே உறவில் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். முன்கூட்டித் தெரிவிக்காமல் நேரில் ஆய்வு செய்ய வேண்டும் என்றும், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களோடு பழகிய சிறப்பு ஆசிரியர் ஒருவர் உடன் வர வேண்டும் என்றும் மனுவிலேயே கேளுங்கள்.

சிறப்பு ஆசிரியர் எதற்கு? சட்டம் பாதுகாப்புக் காவலைப் பற்றிச் சொல்லும் இடத்தில் ‘அவர் விரும்பினால்’ என்று ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. எனக்கு இந்தச் சட்டத்திலேயே மிகவும் பிடித்த இரண்டு சொற்கள் அவை. மீட்கப் போகிறவர்கள் அவசரத்தில் முதலில் மறப்பதும் அவற்றைத்தான். உங்கள் தம்பிக்கு எங்கே இருக்க ஆசை என்று இதுவரை யாராவது கேட்டிருக்கிறார்களா? அறிவுசார் குறைபாடு உள்ள பலர், கேட்பவர் மனம் கோணக் கூடாதென்று எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ என்று தலையாட்டுவார்கள். “அண்ணன் அடித்தாரா?” என்றாலும் ஆமாம், “அண்ணன் நல்லவரா?” என்றாலும் ஆமாம். படங்களைக் காட்டியோ சைகையாலோ, அண்ணன் குடும்பம் பக்கத்தில் இல்லாத இடத்தில், பழகிய ஒருவர் நிதானமாகக் கேட்க வேண்டும். நீங்கள் கேட்க வாய்த்தால் “கையில் என்ன ஆச்சு?” என்பதோடு நிறுத்துங்கள். வந்த பதிலை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டால் சொல்லிக்கொடுத்துப் பேச வைத்ததாகிவிடும். குறைபாடு உள்ளவரின் சாட்சியம் அந்தக் காரணத்தாலேயே எடை குறைந்தது ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல், பார்வையற்ற பெண் ஒருவரின் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

அழைத்து வந்துவிடலாமா என்றால், உத்தரவு இல்லாமல் வேண்டாம். அண்ணன் அன்றைக்கே ஆள் கடத்தல் என்று புகார் கொடுப்பார். சட்டப்படியான பாதுகாவலரிடமிருந்து மனத்தெளிவு இல்லாத ஒருவரைக் கொண்டுபோவது வயது வித்தியாசமில்லாமல் குற்றம் என்பதால், அந்தப் புகாரைக் காவல்துறை தூக்கியெறியவும் முடியாது. அவரைக் காப்பாற்றப் போன நீங்கள் முன்ஜாமீனுக்கு அலைவீர்கள். அவர் திரும்ப அதே அறைக்குப் போவார்.

ஆனால் அண்ணன் உண்மையில் பாதுகாவலர்தானா என்பதையும் பார்க்க வேண்டும். பதினெட்டு வயது நிறைந்தபின் கூடப்பிறந்தவர் என்பதற்காக யாரும் தானாகக் கார்டியன் ஆகிவிட முடியாது. புற உலகச் சிந்தனையற்றோர் (ஆட்டிசம்), மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் நிலைக் குழுதான் பாதுகாவலரை நியமிக்கும். அந்தச் சான்று இருக்கிறதா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். இருந்தால், ஆறு மாதத்துக்குள் சொத்து விவரமும் ஆண்டுதோறும் கணக்கும் அவர் கொடுத்திருக்க வேண்டும். கொடுமையோ புறக்கணிப்போ சொத்துச் சூறையாடலோ நடந்தால் உறவினர் என்ற முறையில் நீக்கக் கோரலாம். சான்று இல்லையென்றால் அவர் வெறும் அண்ணன்தான். நீங்களே விண்ணப்பிக்கவும் வழி உண்டு. வருடக் கணக்கில் கணக்கெழுத வேண்டிய பொறுப்பு அது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

காவல்துறையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ‘குடும்ப விஷயம்’ என்ற பதில் தவறு. 7ஆம் பிரிவின்படி, இத்தகைய புகாரைப் பெறும் காவலர், நிர்வாக நடுவரை அணுகும் உரிமை, அருகிலுள்ள மறுவாழ்வு நிறுவனம், இலவசச் சட்ட உதவி ஆகியவற்றைப் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்லியாக வேண்டும். அதே சட்டத்தின் 92ஆம் பிரிவில், பொறுப்பில் வைத்திருப்பவர் தெரிந்தே உணவோ நீரோ கொடுக்க மறுப்பதும், உறுப்புகளுக்குக் காயம் ஏற்படுத்துவதும் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 5 ஆண்டு சிறைக்குரிய குற்றங்கள். பூட்டி வைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 127ஆம் பிரிவில் வரும் சட்டவிரோத அடைப்பு. எழுத்தில் புகார் கொடுத்து ரசீது கேளுங்கள். மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குத் தபால், அதற்கும் அசையவில்லையென்றால் நீதித்துறை நடுவர். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். உதவி எண் 15100. மீட்கும் அன்றே அரசு மருத்துவமனையில் காட்டி, தழும்புகளை, காயங்களைக் குறித்துவைக்கும் விபத்துப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். பிறகு செய்தால் ‘அது பழைய காயம்’ என்பார்கள்.

அவரை எங்கே தங்கவைப்பது என்பதில்தான் எனக்குக் கவலை. அதிகாரிகளுக்கு இல்லம் என்பது சுலபமான விடை. விழுப்புரம் மாவட்டத்தில் உரிமமின்றி நடந்த ஓர் இல்லத்திலிருந்து 2023இல் நூற்றுக்கு மேற்பட்டவர்களை மீட்க வேண்டிவந்ததை மறந்துவிடக் கூடாது. இல்லம்தான் வழி என்றானால், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் கீழ்ப் பதிவுச் சான்று பெற்றதா என்று பாருங்கள். முன்னறிவிப்பில்லாமல் ஒருமுறை மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். உங்களால் சில மாதமாவது வைத்துக்கொள்ள முடியுமென்றால் அதையும் மனுவில் எழுதுங்கள். சில வீடுகளில் கொடுமைக்கும் களைப்புக்கும் நடுவே கோடு மெல்லியது. பகல் நேரப் பராமரிப்பு மையம் ஒன்று கிடைத்தாலே வீடு மாறிவிடும். உங்கள் கடிதத்தில் உள்ள தழும்புகளைக் களைப்பின் கணக்கில் எழுத என்னால் முடியவில்லை.

இதைப் படிக்கும் வேறு சிலருக்கு ஒரு குறிப்பு. பூட்டப்பட்டிருப்பவருக்கு இருப்பது மனநோய் என்றால் பொருந்துவது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். அதன் 101ஆம் பிரிவின்படி, வீட்டில் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளாகிறவரைப் பற்றித் தெரிந்தவர் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும், காவல் நிலையம் நடுவருக்கு உடனே அறிக்கை அனுப்ப வேண்டும். சங்கிலியால் கட்டுவதை அந்தச் சட்டம் எந்த வடிவிலும் அனுமதிக்கவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியோடு 28 பேர் எரிந்துபோன நாட்டில் இதைச் சட்டத்தில் எழுதப் பதினாறு ஆண்டு ஆயிற்று.

கடைசியாக நிலம். குறைபாட்டைக் காரணம் காட்டி யாருக்கும் வாரிசுரிமை இல்லையென்று சொல்ல முடியாது என்கிறது இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. சித்திக்கு இரண்டு பிள்ளைகள்தான் என்றால் பாதி உங்கள் தம்பியுடையது. கைநாட்டு வாங்கிப் பத்திரம் போட்டாலும், பிறரின் ஆதிக்கத்தில் இருப்பவரிடம் எழுதி வாங்கியது என்று அதை எதிர்த்து வழக்குப் போட்டு ரத்து செய்யலாம். ஆனால் அந்த வழக்கு வருடக் கணக்கில் இழுக்கும், அதற்குள் நிலம் மூன்றாவது கைக்குப் போய்விடும். எழுதித் தருபவர் மனத்தெளிவு இல்லாதவர் என்று தோன்றினால் பதிவை மறுக்க வேண்டிய பொறுப்பு சார்பதிவாளருக்கு உண்டு. சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, தம்பியின் அடையாள அட்டை நகலோடு, சார்பதிவாளருக்கு இப்போதே ஓர் ஆட்சேபக் கடிதம் அனுப்புங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைத் திருப்பூரில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். ஆட்சியர் அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். பத்திரம் ஏற்கெனவே பதிவாகியிருந்தால், அதன் எண்ணும் தேதியும் மனுவின் முதல் பத்தியிலேயே வர வேண்டும்.