கடன் வாங்கி நிருபராக வேண்டாம்

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் தக்காளி வைக்கும் குடும்பம். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பத்திரிகையாளர் ஆக வேண்டும் என்கிறாள். ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் தாய்மாமன், "இன்ஜினியரிங் போடுங்க, நம்ம கம்பெனியிலயே சேத்துவிட்டுடலாம்" என்கிறார். சென்னைச் சித்தப்பாவோ தனியார் கல்லூரியில் விஸ்காம் (காட்சி ஊடகப் படிப்பு) படித்தால் நேரே டிவிக்குப் போய்விடலாம் என்று விண்ணப்பமே வாங்கி வைத்துவிட்டார். விடுதியோடு சேர்த்து மூன்று ஆண்டுக்கு எட்டு லட்சம். அப்பா கேட்பது ஒன்றுதான்: நிலத்தை வைத்துக் கடன் வாங்கலாமா?

வாங்காதீர்கள், ஐயா.

எட்டு லட்சத்தைப் பத்தரை சதவீத வட்டியில் பத்தாண்டில் அடைக்க மாதம் சுமார் 10,800 ரூபாய் தவணை வரும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி. தமிழ் ஊடகத்தில் புதிதாகச் சேருபவருக்குப் பல இடங்களில் 15,000, மிஞ்சினால் 20,000. சென்னையில் வாடகை, சாப்பாடு போக மிச்சத்தில் தவணை கட்ட முடியாது. ஆர்வத்தோடு வந்தவர்களும் இரண்டாம் ஆண்டிலேயே தொழிலை விட்டுப் போவதற்கு இந்தத் தவணைத் தேதி ஒரு பெரிய காரணம்.

மாமனுக்கும் ஒரு வார்த்தை. கணக்கில் 51 எடுத்த பெண், கணக்கு பிடிக்கவில்லை என்று அவளே சொல்கிறாள். அவளை இன்ஜினியரிங்கில் தள்ளினால் அரியர் பேப்பர்களோடு நான்காண்டு கழித்து இதே கேள்வியோடு திரும்ப வருவீர்கள். படிக்கப்போவது அவள், அதில் அவள் பேச்சுக்குத்தான் மதிப்பு.

சொந்தக்காரர் யாரும் சொல்லாத வழி ஒன்று இருக்கிறது. காரிமங்கலம் அரசு மகளிர் கல்லூரியிலோ தருமபுரி அரசு கலைக் கல்லூரியிலோ ஒரு பி.ஏ. பொருளியல் கிடைத்தால் நல்லது. பட்ஜெட்டைப் படிக்கத் தெரிந்த நிருபர் குறைவு. வரலாறு, தமிழ் என்றாலும் குறையில்லை. கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்களைத் தாண்டாது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் விழும். பஸ் செலவும் நோட்டுச் செலவும் அதில் அடங்கும். மூன்றாண்டும் வீட்டிலிருந்தே போய்வரலாம். அந்த மூன்றாண்டில் அவள் நிருபராக வேலை செய்தே பழக வேண்டும்.

எப்படி? முதலில் ஒரே ஒரு விஷயத்தைப் பிடிக்கட்டும். நம் மாவட்டத்துக்குத் தண்ணீரைவிடப் பொருத்தமானது இல்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டதே நிலத்தடி நீரிலுள்ள புளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுப்பதைக் குறைக்கத்தான். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை புளோரைடு ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். தன் ஒன்றியத்தில் எந்தக் குக்கிராமத்துக்கு இன்னமும் போர்வெல் தண்ணீர் போகிறது, கடைசியாக அதை எப்போது சோதித்தார்கள், அளவு எவ்வளவு? இந்த மூன்றையும் ஆவணத்தோடு காட்டினால் எந்த ஆசிரியரும் படித்துப் பார்ப்பார்.

ஆவணம் வாங்கத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் மனு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், குடிநீர் வடிகால் வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபால். பதில் தர 30 நாள் கெடு. புதியவர்கள் தோற்பது கேள்வியில்தான். "ஏன் சோதிக்கவில்லை?" என்று கேட்டால் மனு கிடப்பில் போகும், விளக்கம் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை, கையிலுள்ள பதிவைக் கொடுப்பதுதான் கடமை. "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, இந்த ஊராட்சியின் நீர்ப் பரிசோதனை அறிக்கைகளின் நகல்" என்று கேட்க வேண்டும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஒரு செய்திக்கு ஆறேழு மாதம் போகலாம். அதனால் ஒரே சமயத்தில் மூன்று மனுக்களாவது ஓடிக்கொண்டிருக்கட்டும்.

நடுவில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள். ஆண்டுக்கு ஆறு கிராம சபை. ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளிக் கூடை விலை. வாரம் ஒரு செய்தி, 300 சொல்லுக்குள், எதிர்த்தரப்பின் பதிலோடு. தேதி போட்ட குறிப்பு நோட்டைத் தூக்கிப்போடக் கூடாது. வழக்கு வந்தால் அதுதான் துணை. படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் போய்விடும், டாக்குமென்ட்டாக அனுப்ப வேண்டும். தமிழ்99 விசைப்பலகையில் வேகம் வரட்டும். அரசின் ஆங்கில அறிக்கை ஒன்றைத் தினமும் தமிழில் எழுதட்டும். அலுவலகத்தில் செய்தியைத் திருத்தி எழுதும் டெஸ்க் வேலைக்கு எடுப்பவர்கள் முதலில் சோதிப்பது இதைத்தான்.

"இந்த ஊர்ல என்னங்க நியூஸ் இருக்கு" என்பாராம் சித்தப்பா. அரூர் பக்கம் வாச்சாத்தியில் 1992 ஜூனில் வனத்துறையினரும் போலீஸாரும் பழங்குடி மக்கள் மீது நடத்திய கொடுமைக்குத் தருமபுரி நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2011இல். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். முப்பத்தோரு ஆண்டு ஒரு விஷயத்தை விடாமல் பின்தொடர ஆள் தேவைப்பட்ட மாவட்டம் இது.

சில இடங்களில் கறாராக இருங்கள். பணம் கட்டினால் பிரஸ் கார்டு தருகிறோம் என்பவர் வாசலையே மிதிக்காதீர்கள். செய்தி எழுத வந்தவளை விளம்பரம் பிடித்துவரச் சொல்லும் பத்திரிகையும் வேண்டாம்; யாரிடம் விளம்பரம் வாங்கினாளோ அவரைப் பற்றி எழுத முடியாது. பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், பள்ளி, தெரு எதுவும் வெளியே வரக் கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவில் அது குற்றம். ஃபேஸ்புக்கில் அவசரமாகப் போட்டு மாட்டிக்கொள்பவர்கள் அதிகம்.

மகளிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: திரையில் முகம் தெரிய ஆசையா, போய்க் கேட்டு எழுத ஆசையா? முதலாவது என்றால் இந்த வழி அவளுக்குச் சலித்துவிடும். இரண்டாவது என்றால் மூன்றாண்டு முடிவில் நூறு செய்தியாவது கோப்பில் இருக்கும். அதோடு சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் இதழியல் துறைக்கு விண்ணப்பிக்கலாம். தருமபுரியிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான். நேரே வேலைக்கும் போகலாம்.

பெண் பிள்ளை இரவில் அலைவாளே என்ற உங்கள் பயம் நியாயம். முதலாண்டில் பகல் வேலை மட்டும் போதும். போலீஸ், விபத்துச் செய்தி பிறகு பார்க்கலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் அலுவலகத்தில் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று சேருவதற்கு முன்பே அவள் கேட்கட்டும். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் சேர வேண்டாம்.