பிளஸ் டூ முடித்த பையன் தோட்டக்கலைப் பண்ணையில் அப்ரண்டிஸாகச் சேரலாமா? அப்படி ஆள் எடுப்பதால் பண்ணைக்காரருக்கு என்ன லாபம்?

சேரலாம். ஆனால் எந்தப் பண்ணை, என்ன ஒப்பந்தம் என்று பார்த்துத்தான் சேர வேண்டும். நான் ஓசூர் பக்கம் ரோஜா பாலிஹவுஸில் (பாலிதீன் கூரை போட்ட பசுமைக்குடிலில்) சூப்பர்வைசராக இருக்கிறேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளும் என் பொறுப்பில்தான் இருப்பார்கள். அதனால் இரண்டு தரப்புக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். பிளஸ் டூ முடிக்கும்போது பலருக்கு 17 வயதுதான் ஆகியிருக்கும்; அப்படியென்றால் அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட வேண்டும். 2019இல் திருத்திய விதியில் பிளஸ் டூ முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய், பத்தாவது முடித்தவருக்கு 6,000. சேரும்போது நடப்புத் தொகையை மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் போர்ட்டலில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் பதிந்தால் அந்த உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் அதிகபட்சம் 1,500 ரூபாய், அரசு தன் பங்காகத் தருகிறது. பண்ணையில் குறைந்தது நான்கு பேராவது வேலை செய்தால்தான் இந்த வழி. அப்பாவும் மகனும் மட்டும் பார்க்கும் தோட்டத்துக்கு இது ஒத்துவராது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பையன் முதலாளியிடம் கேட்க வேண்டியது சம்பளத்தை அல்ல. "எந்த வேலையில் எத்தனை மாதம் போடுவீர்கள்?" என்று கேட்கட்டும். "வா தம்பி, எல்லாம் தானா பழகிடும்" என்று பதில் வந்தால், வருஷம் முழுக்கக் களை பிடுங்கவும் பக்கெட் தூக்கவும் தயாராக இருக்க வேண்டியதுதான். களை பிடுங்குவதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது ஒரு வாரத்தில் பழகும் வேலை. அதற்கு அப்ரண்டிஸ் என்ற பெயர் எதற்கு?

பழக வேண்டியது என்ன என்பதற்கு உரம் கலக்கும் அறையைச் சொல்லலாம். சொட்டு நீரில் உரம் விட இரண்டு தொட்டிகள் இருக்கும். ஒன்றில் கால்சியம் நைட்ரேட், இன்னொன்றில் சல்பேட், பாஸ்பேட் உரங்கள். புதிதாக வருகிற எல்லோரும் கேட்பார்கள், ஒரே தொட்டியில் போட்டால் என்ன என்று. நான் வாயால் சொல்வதில்லை. இரண்டு தொட்டிக் கரைசலையும் ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றிக் காட்டுவேன். வெள்ளையாகத் திரிந்து அடியில் படியும். அது ஜிப்சம். தொட்டியில் அப்படி ஆனால் சொட்டுவான் (குழாயில் தண்ணீர் சொட்டும் துளை) அத்தனையும் அடைத்துக்கொள்ளும். பத்தாம் வகுப்பு வேதியியல்தான், ஆனால் அங்கே பார்த்த பையன் மறக்கமாட்டான். கரைசலில் உரம் எவ்வளவு என்று காட்டும் ஈசி மீட்டரையும், அமிலமா காரமா என்று காட்டும் பிஹெச் மீட்டரையும் பிடித்து நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டால் அவனுக்கு எந்தப் பண்ணையிலும் இடம் உண்டு. அப்புறம் கவாத்து (கிளைகளை வெட்டிவிடுவது), தண்டை வளைத்து விடுவது, மொட்டு எந்தப் பக்குவத்தில் இருந்தால் வெட்டலாம் என்ற கணக்கு, வெட்டியதும் தண்ணீரில் வைத்துக் குளிர் அறைக்கு அனுப்புவது, தண்டு நீளம் பார்த்துத் தரம் பிரிப்பது. இதெல்லாம் நாள்பட வரும்.

பூச்சிமருந்து அடிக்கும் வேலை மட்டும் 18 வயது ஆகாத பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். "சும்மா குழாயைப் பிடி" என்று சொன்னாலும் வீட்டார் சம்மதிக்கக் கூடாது.

பண்ணைக்காரர்களுக்கு வருகிறேன். எல்லோரும் சொல்லும் புகார் ஒன்றுதான்: கற்றுக்கொண்டதும் ஓடிவிடுகிறார்கள். ஓடத்தான் செய்வார்கள், உதவித்தொகையிலேயே வைத்திருந்தால். பயிற்சி முடிந்ததும் என்ன வேலை, என்ன சம்பளம் என்று பாதியிலேயே பேசிவிட்டால் பலர் நிற்கிறார்கள். கட்டாயம் வேலை தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை என்பதற்காக வாயே திறக்காமல் இருப்பது சாமர்த்தியம் இல்லை. இன்னொன்று, அப்ரண்டிஸ் என்றால் மலிவான கூலி ஆள் என்று நினைக்காதீர்கள். அனுமதி வாங்காமல் ஓவர்டைம் வைக்கக் கூடாது. வேலையில் அடிபட்டால் இழப்பீடும் உங்கள் தலையில்தான்.

ஆளைச் சேர்க்கும் மாதத்தையும் யோசியுங்கள். காதலர் தினப் பூவுக்கு நவம்பர் கடைசி, டிசம்பரிலேயே கவாத்து ஆரம்பித்துவிடும். ஜனவரி கடைசியில் யாருக்கும் மூச்சு விட நேரம் இருக்காது. அப்போது புதுப் பையன் கையில் கத்தரியைக் கொடுத்தால் பூவும் போகும், திட்டு வாங்கி அவனும் போய்விடுவான். ஜூன், ஜூலையில் எடுங்கள். மழைக்காலத்தில் அடிச்சாம்பல் என்ற இலை நோயை இலையின் அடிப்பக்கம் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டால், சீசன் வரும்போது அவன் உங்களுக்கு உண்மையிலேயே ஒரு கை.

பையன் பக்கம் ஒன்று பாக்கி. வேளாண் அலுவலர் மாதிரி அரசு வேலைதான் ஆசை என்றால் இந்த வழி உதவாது. பட்டப்படிப்போ, குறைந்தது இரண்டு வருட டிப்ளமோவோ படிக்கட்டும். தோட்டம் தனக்குப் பிடிக்குமா என்றே தெரியவில்லை என்றால், மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் நடக்கும் குறுகிய காலப் பயிற்சி ஒன்றுக்குப் போய் வரட்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு அது எலுமிச்சங்கிரியில் இருக்கிறது. அதையும் முடித்துவிட்டு ஆசை இருந்தால் பண்ணை தேடலாம். சேரும் முன் ஏப்ரல், மே வெயிலில் மதியம் ஒரு மணிக்கு பாலிஹவுஸுக்குள் அரை மணி நேரம் நின்று பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் புழுக்கம் தாங்காது என்றால் திறந்தவெளி நர்சரியோ பழத்தோட்டமோ பார்க்கலாம். அங்கும் அப்ரண்டிஸ் எடுக்கிறார்கள்.