மஞ்சளேறிய பிளாஸ்டிக் பெட்ரோல் டேங்க்: தேய்க்கும் முன் சுரண்டிப் பாருங்கள்

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “அண்ணே, எங்கள் சித்தப்பாவின் யமஹா ஒய்இசட் 125 வண்டி வீட்டில் நிற்கிறது. 80-களின் பிற்பகுதி மாடல். கோவையில் ஒருவரிடம் கைமாற்றி வாங்கியது. இன்ஜினை ஒருவழியாக எழுப்பிவிட்டோம். வெள்ளையாக இருந்த பிளாஸ்டிக் டேங்க்தான் கவலை. பாதிக்குக் கீழே பழுப்பேறிக் கிடக்கிறது, மேல்பக்கம் வெளிறிச் சொரசொரவென்று இருக்கிறது. பெயிண்டர், பட்டி பார்த்து வெள்ளை அடித்துத் தருகிறேன் என்கிறார். தம்பியோ, பெராக்சைடு பூசி வெயிலில் வைத்தால் போதும் என்று வீடியோ காட்டுகிறான். எதைச் செய்வது?”

இரண்டையுமே செய்ய வேண்டாம். முதலில் அந்த மஞ்சள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்; மேல்தோலிலா, உள்ளே ஊறியா? இது தெரியாமல் கையை வைத்தால் நேரமும் போகும், நல்ல டேங்கும் போகும்.

நம் ஊரில் பழைய வண்டி என்றால் புல்லட், யெஸ்டி, ராஜ்தூத், ஆர்எக்ஸ் 100. எல்லாம் இரும்பு டேங்க். அதனால் நம் மெக்கானிக்குகளுக்கும் பெயிண்டர்களுக்கும் துரு, ஒடுக்கு, பட்டி, பிரைமர் என்று கை பழகியிருக்கிறது. உங்களுடையது மாதிரி, மண் மேடுகளில் பந்தயம் ஓட்டுகிற மோட்டோகிராஸ் வண்டியின் டேங்க் வேறு ஜாதி. எடை குறையவும், விழுந்தால் ஒடுங்காமல் இருக்கவும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் வார்த்தது. இரும்புக்குச் செய்வதை இதற்குச் செய்தால் எதுவும் ஒட்டாது.

பாலிஎத்திலீன் தண்ணீரை விடாது, பெட்ரோலை விடும். டேங்க் ஒழுகாது, ஆனால் பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவருக்குள் ஊறி, ஆவியாக வெளிப்பக்கம் கசிந்துகொண்டே இருக்கும். இப்போதைய கார்களில் பிளாஸ்டிக் டேங்குக்கு நடுவில் ஆவியைத் தடுக்கும் தனி அடுக்கு ஒன்று வைக்கிறார்கள். அந்தக் காலத்து மோட்டோகிராஸ் டேங்க் ஒற்றை அடுக்குதான். ஊறும் பெட்ரோல் தன்னோடு சாயத்தையும் கொண்டுபோகிறது. உங்கள் வண்டி டூ ஸ்ட்ரோக். டேங்கிலேயே ஆயில் கலந்து ஊற்றும் ரகம். டூடி (2T) என்கிற அந்த ஆயிலுக்கும் சாயம் சேர்த்திருப்பார்கள். பெட்ரோல் பழசாகும்போது உண்டாகும் பிசினும் இதோடு சேர்ந்துகொள்கிறது. வருடக்கணக்கில் பாதி டேங்க் பெட்ரோலோடு நின்ற வண்டி என்றால், அந்தப் பாதி வரை கோடு போட்டது மாதிரி பழுப்பு இருக்கும். சாம்பார் ஊற்றிய பிளாஸ்டிக் டப்பாவில் மஞ்சள் ஏறுமே, எவ்வளவு விளக்கினாலும் போகாதே, அந்தக் கதைதான் இது.

மேல்பாதியில் நடந்தது வேறு. அது வெயிலின் வேலை. புற ஊதாக் கதிர் பட்டுப்பட்டு மேல்தோல் சிதைந்து, வெளிறி, தடவினால் சுண்ணாம்பு ஒட்டுகிற மாதிரி ஆகிவிடும். நுண்ணிய கீறல்களில் புழுதியும் கிரீஸும் ஏறி அழுக்காகக் காட்டும். இது தோல் அளவு நோய். இதை முழுசாகச் சரிசெய்யலாம்.

எனவே முதல் வேலை சுரண்டல். டேங்கைக் கழற்றி, சீட்டுக்கு அடியில் மறையும் இடத்தில் ஒன்று, பழுப்பேறிய பகுதியில் ஃபிரேம் மறைக்கும் உள்வளைவில் ஒன்று என்று இரண்டு இடம் தேர்ந்தெடுங்கள். புது பிளேடைச் செங்குத்தாகப் பிடித்து, பென்சில் சீவல் மொத்தத்துக்கு மெல்லிசாக ஒரு சீவல் எடுங்கள். அடியில் பளிச்சென்று வெள்ளை தெரிந்தால் உப்புத்தாள் உங்களைக் காப்பாற்றும். அதே பழுப்பு தொடர்ந்தால் மறுபடி ஒரு சீவல். அப்போதும் மாறவில்லை என்றால், கறை சுவர் முழுக்க ஊறியிருக்கிறது. அதைத் தேய்த்து எடுப்பது என்றால் டேங்கையே தேய்த்துத் தீர்ப்பதுதான்.

அந்தச் சீவலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் சோப்பு ஒரு சொட்டு விட்டு, சீவலை அமுக்கி முக்கிவிடுங்கள். மேலே வந்து மிதந்தால் பாலிஎத்திலீன். மூழ்கினால் நைலானாக இருக்கலாம். பிற்காலத்துச் சாலை வண்டிகள் சிலவற்றில் நைலான் டேங்க் உண்டு. நைலான், பெட்ரோலில் கலக்கும் எத்தனாலையும் ஈரத்தையும் உறிஞ்சி உப்பும், கழற்றினால் திரும்பப் பொருந்தாமல் அடம் பிடிக்கும். உங்களுடையது மிதக்கும் என்றே நினைக்கிறேன்.

அடுத்ததாகச் சொல்லப்போவதில் விளையாட்டு கூடாது. டேங்க் காலியாகிவிட்டது என்பதால் ஆபத்து போய்விடவில்லை. பெட்ரோல் நிறைந்த டேங்கைவிட, ஆவி நிறைந்த காலி டேங்க்தான் வெடிக்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரை பங்கு பெட்ரோல் ஆவி கலந்தாலே ஒரு பொறி போதும். அதிலும் பிளாஸ்டிக் டேங்க் உள்ளே ஊறிய பெட்ரோலை நாள்கணக்கில் வெளியே விட்டுக்கொண்டிருக்கும். ஆகவே பெட்ரோல் டேப்பை, அதாவது டேங்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாயைக் கழற்றிவிட்டு, பாத்திரம் கழுவும் திரவமும் தண்ணீரும் ஊற்றிப் பலமுறை குலுக்கிக் கழுவுங்கள். மூடியைத் திறந்தே வைத்து, காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று வாரம் விட்டுவிடுங்கள். சமையல் கட்டு, பூஜை விளக்கு, இன்வெர்ட்டர் இருக்கும் அறை எதற்கும் பக்கத்தில் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். பிறகு மூடியை மூடி ஒரு மணி நேரம் வெயிலில் வைத்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். வாசம் வந்தால் இன்னும் ஒரு வாரம்.

இந்தக் காத்திருப்பு வீண் இல்லை. டப்பாவில் ஏறிய மஞ்சள் வெயிலில் மங்குகிற மாதிரி, டேங்கில் ஊறிய சாயமும் ஓரளவு மங்கும். மூடியைத் திறந்து, டேங்கைத் தினமும் திருப்பித் திருப்பி வைத்து நம் மதுரை வெயிலைக் காட்டுங்கள். பழுப்பு இளமஞ்சளாக இறங்குவது கண்ணுக்குத் தெரியும். ஆனால் கடையில் வாங்கிய நாளின் வெள்ளை வராது. அதற்காக மாதக்கணக்கில் மாடியில் போட்டுவிடவும் கூடாது. மேல்தோலைச் சிதைத்ததே அந்த வெயில்தான். நிறம் மாறுவது நின்ற அன்றே உள்ளே எடுத்துவிடுங்கள்.

தம்பி காட்டும் பெராக்சைடு முறை பொய்யில்லை, இடம்தான் தவறு. பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளின் ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்கு வந்த வைத்தியம் அது. அங்கே மஞ்சள் மேல்தோலில் இருக்கிறது. இங்கே கறை உள்ளே ஊறிக் கிடக்கிறது, பெராக்சைடு அவ்வளவு ஆழம் போகாது. மருந்துக்கடை பெராக்சைடு சாதாரணமாக 6 சதவீதம். அதைவிடக் காரமானதைத் தேடிப்போனால் கை வெந்துபோகும். பிளீச்சிங் திரவத்தில் ஊறவைப்பவர்களும் உண்டு. டேப் திருகும் இடத்தில் பித்தளை மரை பதித்திருந்தால் அது அரிக்கும். அதோடு கழிப்பறை ஆசிட்டையும் சேர்த்து ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைத்துவிடும். தின்னர் துணியால் துடைப்பதும் வேண்டாம். தின்னர் பெட்ரோல் மாதிரியே பிளாஸ்டிக்குக்குள் இறங்கி, அழுக்கையும் கூட்டிக்கொண்டு போகும். சுங்குடிச் சாயப்பட்டறையில் கொடுத்து வேறு நிறம் ஏற்றலாமா என்று ஒரு யோசனை வரும். தண்ணீரில் கரைத்த அந்தச் சாயம் பாலிஎத்திலீனைப் பற்றவே பற்றாது.

சரி, தேய்ப்புக்கு வருவோம்.

ஆழமான கீறல்களை முதலில் பிளேடால் சீவி இறக்குங்கள். பிளேடை இழுக்கும் திசைக்குச் செங்குத்தாகப் பிடித்து, உங்களை நோக்கி நீளமாக ஒரே இழுப்பு. நிறுத்தி நிறுத்தி இழுத்தால் அலை அலையாகத் தழும்பு விழும். பிறகு வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள். எண் ஏற ஏறத் தாள் நைசாகும். 220-இல் ஆரம்பித்து 320, 400, 600, 800, 1000 என்று ஏறுங்கள். நடுவில் ஒன்றைத் தாண்டினாலும் கடைசியில் காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீர் தாராளமாக ஊற்றி, சோப்பு இரண்டு சொட்டு விட்டுத் தேயுங்கள். ஒரு தாளில் இடவலமாகத் தேய்த்தால் அடுத்த தாளில் மேலும் கீழுமாக. முந்தைய தாளின் கோடு முழுக்க மறைந்த பிறகே அடுத்ததை எடுக்க வேண்டும். இந்தப் பிளாஸ்டிக் தூளாக உதிராது, பிசிறு பிசிறாக நிமிரும். 220 முடிந்ததும் துணியில் முளைத்த நூல் மாதிரி மேற்பரப்பு முழுக்கப் பிசிறு நிற்கும். டேங்கைக் கெடுத்துவிட்டோமோ என்று அப்போது எல்லோருக்கும் தோன்றும். பயப்பட வேண்டாம், 600-க்குப் பிறகு அடங்கிவிடும். மெஷின் வைத்துத் தேய்க்காதீர்கள். சூட்டில் பிளாஸ்டிக் உருகி இழுபடும். வார்ப்பில் எழுத்தோ தேதி முத்திரையோ இருந்தால் அதைச் சுற்றி விரல் நுனியால் மட்டும் தேயுங்கள். பழைய வண்டிக்கு அதுதான் ஜாதகம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள்.

1000 தாளோடு நிறுத்தினால் வழவழப்பு வரும், மினுமினுப்பு வராது. துணியில் பித்தளை துலக்கும் பிராஸோ தொட்டுக் கையால் நெடுநேரம் தேய்த்தால் மெல்லிய பளபளப்பு கிடைக்கும். எனக்கு அதுவே போதும் என்று தோன்றும். புது டேங்கின் மினுக்கு வேண்டும் என்றால் சூடான காற்றை ஊதும் ஹீட் கன் பிடிக்க வேண்டும். அதற்கு முன் டேங்கின் டேப் ஓட்டையை ரப்பர் கார்க்கால் அடைத்து, கழுத்து வரை தண்ணீர் நிரப்புங்கள். ஆவி தங்க உள்ளே இடம் இருக்காது. டேங்கும் வளையாது. பாலிஎத்திலீன் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். அதனால் உள்ளே தண்ணீர் இருந்தாலும் மேல்தோல் உருகிக் கொடுக்கும். 130 டிகிரி சுமாரில் உருகும் பொருள் இது, ஹீட் கன்னோ அதைப்போல் மூன்று நான்கு மடங்கு சூட்டில் ஊதும். ஆகவே ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிற்காமல் வீசிக்கொண்டே போங்கள். வெளிறிய தோல் சட்டென்று ஈரம் பட்டது மாதிரி கண்ணாடியாக மாறும். அந்தக் கணமே நகர்ந்துவிட வேண்டும். கை பழக, முக்கோணத்துக்குள் 2 என்று முத்திரை போட்ட பழைய வெள்ளை கேன் ஒன்றில் முதலில் செய்து பாருங்கள். அதுவும் இதே குடும்பத்துப் பிளாஸ்டிக்தான். புளோ லேம்ப், கேஸ் டார்ச் எதையும் டேங்க் பக்கம் கொண்டுவரவே கூடாது.

தேய்க்கும்போது மூடியின் கழுத்து, டேங்க் மாட்டும் ஓட்டைகள் இரண்டையும் நன்றாகப் பாருங்கள். விரிசல் விழுவது அங்கேதான். அரால்டைட், எம்-சீல் இதில் நிற்காது. பிளாஸ்டிக் குடம் ஒட்டுகிறவரிடம் கொடுத்தால் காய்ச்சிய கம்பியைக் கொண்டுவருவார். பெட்ரோல் டேங்கை அவரிடம் கொடுப்பது அவருக்கும் ஆபத்து. கழுத்தில் ஆழமான விரிசல் இருந்தால் அந்த டேங்கைக் காட்சிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஓட்டுவதற்கு வேறு தேடுங்கள்.

இப்போது பெயிண்டர். அவர் கை சுத்தமாகவே இருக்கலாம், குற்றம் அவருடையது இல்லை. பாலிஎத்திலீன் மேல் பெயிண்ட் பிடிக்காது. பிளாஸ்டிக் பிரைமர் போட்டுப் பிடிக்க வைத்தாலும், பெட்ரோல் ஊற்றிய பிறகு சுவர் வழியாக வரும் ஆவி பெயிண்டைக் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிவிடும். ஸ்டிக்கருக்கும் அதே கதி. ஊசித் துளை போட்ட ஸ்டிக்கர் கிடைத்தால் அதை ஒட்டுங்கள், ஆவி துளை வழியாகப் போய்விடும்.

அதனால் என் யோசனை இதுதான்: மேல்பாதியைத் தேய்த்து வெள்ளையாக்குங்கள். கீழ்ப்பாதி வெயிலில் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவோடு விட்டு, அதையும் அதே தாள்களால் வழவழப்பாக்குங்கள். சொரசொரப்பும் அழுக்கும் போன பிறகு அந்த இளமஞ்சள் கண்ணை உறுத்தாது. நாற்பது வருடத்தை நெருங்கும் ஒரிஜினல் டேங்க் உங்கள் கையில் இருக்கிறது. பட்டி பூசிய வெள்ளையைவிட அதற்குத்தான் மதிப்பு.

மறுபடி பழுக்காமல் இருக்க, ஓட்டாத நாளில் டேங்கில் பெட்ரோலை வைக்காதீர்கள். ஓட்டப்போகும் அன்றைக்கு வேண்டியதை மட்டும் ஆயில் கலந்து ஊற்றி, மிச்சத்தை வடித்துவிடுங்கள். வண்டியை நிழலில் நிறுத்துங்கள். பங்க் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது பாலிஎத்திலீனை ஒன்றும் செய்யாது. ஆனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பழைய ரப்பரையும் கெடுக்கும். தேய்த்த வேலை முடிந்து டேங்கை மாட்டும்போது பெட்ரோல் ஹோஸ், டேப்பின் ரப்பர் வாஷர், மூடியின் கேஸ்கெட் மூன்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் காய வைத்து, முதல் பெட்ரோலை வேறு பாத்திரத்தில் வடித்துப் பாருங்கள். பிசிறோ தண்ணீரோ தெரிந்தால் மறுபடி அலசிய பிறகுதான் கார்புரேட்டருக்கு ஹோஸ் மாட்ட வேண்டும்.