பாட்டி எழுதி வைத்த குறிப்பை அப்படியே பார்த்துச் செய்தும் கேக் ஏன் சரியாக வருவதில்லை?

"நோட்டில் இருந்தபடியே செய்தேன், நடுவில் குழி விழுந்துவிட்டது, குறிப்பே தப்பாக இருக்குமோ?" என்று கேட்டிருக்கிறீர்கள். குறிப்பு தப்பாக இருக்காது. நீங்கள் வாசித்தது தப்பாக இருக்கலாம். கோபப்படாதீர்கள், நானே மூன்று கிறிஸ்துமஸ் அப்படித்தான் வீணாக்கினேன்.

எங்கள் ஆச்சிக்குப் பாளையங்கோட்டை பக்கம். அவளுடைய அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தவர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும். ஆச்சியின் நோட்டில் தேதி எதுவும் கிடையாது. ஆனால் பின் அட்டையில் பால் கணக்கு அணாவில் இருக்கிறது. நயா பைசா வந்தது 1957இல். அதனால் அதற்கு முன்பே எழுத ஆரம்பித்த நோட்டு என்று வைத்திருக்கிறோம். அதில் ரவை கேக்குக்கு மொத்தமே மூன்று வரிதான்:

"ரவை 1 வ ரா, சீனி 1 ரா, வெண்ணெய் 1 ரா, முட்டை 12, மு.ப. 6 பலம். சாதிக்காய் கொஞ்சம். ரவையை வெண்ணெயில் ஊற வை. தணலில் வேக வை."

ரா என்றால் ராத்தல், மு.ப. என்றால் முந்திரிப்பருப்பு என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. ஒரு ராத்தல் 454 கிராம். பலம் என்பது மூன்று ரூபாய் எடை, ஏறக்குறைய 35 கிராம். இதெல்லாம் சரி. அந்த "வ" மட்டும் என்னவென்று தெரியவில்லை. "வறுத்ததுன்னு எழுதியிருப்பா" என்றாள் அம்மா. ரவையை வறுப்பது நியாயம்தானே? வறுத்தேன். ஓரமெல்லாம் நன்றாகச் சிவந்து, நடுவில் கேசரி மாதிரி ஒரு குளம். அடுத்த வருடம் பேக்கிங் பவுடர் போட்டுப் பார்த்தேன், குளம் பெரிதானது. மூன்றாம் வருடமும் அதே கதை ஆனதும், "அது ஆச்சி கைப்பக்குவம்டா, நமக்கு வராது" என்று அம்மா முடித்துவிட்டாள். இந்தக் கைப்பக்குவம் என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. அதைச் சொன்னதும் எல்லாரும் கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

அப்புறம் ஒரு கல்யாண வீட்டில் அம்மாவின் சித்தப்பாவைப் பார்த்தேன். எண்பது தாண்டியவர், அந்தக் காலத்தில் மண்டியில் கணக்கெழுதியவர். ஆச்சி கையெழுத்தைப் பார்த்தால் சந்தோஷப்படுவாரே என்று போனில் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தவர், "ஒண்ணேகால் ராத்தல் ரவை" என்று சாதாரணமாக வாசித்துக்கொண்டே போனார். "தாத்தா, அது வறுத்ததுன்னு..." என்று இழுத்தேன். "எவம்ல சொன்னான்? அது காலுல்லா!" என்றார்.

தமிழ்க் கணக்கில் காலுக்கு எழுதும் குறி பார்க்க "வ" மாதிரியே இருக்கும். கடைக்காரர் மகள், அப்பாவின் பேரேட்டைப் பார்த்து எழுதப் பழகியவள், வேறு எப்படி எழுதுவாள்? நான் மூன்று வருடமும் 113 கிராம் ரவையைக் குறைத்தே போட்டிருக்கிறேன்.

அது மட்டுமில்லை. அந்த 12 முட்டையும் வீட்டுக்கோழி இட்டவை. ஒன்று 40 கிராம் இருந்தால் அதிகம். இன்றைக்குக் கடையில் வாங்கும் பண்ணை முட்டை 55 கிராம் வரும். பன்னிரண்டுக்குக் கணக்குப் போட்டால் 180 கிராம் கூடுதல். மாவு குறைச்சல், முட்டை அதிகம், குழி விழாமல் என்ன செய்யும்? இப்போது ஒன்பதுதான் உடைக்கிறேன். "எங்கள் வீட்டில் பண்ணை முட்டை பன்னிரண்டு போட்டும் வருகிறதே" என்று யாராவது வருவீர்கள். வரட்டும், சந்தோஷம். என் வீட்டில் வரவில்லை.

சூடு பற்றியும் சொல்ல வேண்டும். ஆச்சியிடம் ஏது ஓவன்? உருளியில் மணல் பரப்பி, அதன்மேல் கேக் சட்டி, மூடிய தட்டின்மேல் கங்கு. கங்கு போகப் போகத் தணியும், கேக் அந்தத் தணிவிலேயே வெந்துவிடும். நம் ஓவன் கடைசிவரை ஒரே சூட்டில் நிற்கும். அதனால் நான் முதல் 20 நிமிடம் 170 டிகிரியிலும் மீதி நேரம் 150லும் வைக்கிறேன். நான் பேக்கரி படித்தவன் இல்லை, உங்கள் ஓவனுக்கு இது ஒத்துவருமா என்று நீங்கள்தான் ஈர்க்குச்சி குத்திப் பார்க்க வேண்டும்.

அந்த உருளி இப்போது இல்லை. சொத்துப் பிரித்த அன்றைக்கு யாருக்கும் நோட்டு வேண்டியிருக்கவில்லை, உருளிக்கு மட்டும் அவ்வளவு சண்டை. கடைசியில் வாங்கிக்கொண்டு போனவர் அதைப் பாத்திரக்கடையில் எடைக்குப் போட்டுவிட்டார். முகப்பில் ஆச்சி பெயர் வெட்டியிருந்தது. இன்றைக்கு அவர் வீட்டில் இருந்துதான் டிசம்பர் பிறந்தால் போன் வருகிறது, "கேக் போட்டாச்சா?" என்று. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் நோட்டில் எடைகள் கிலோவிலா ராத்தலிலா என்று சொல்லவே இல்லையே? 1956இல் சட்டம் வந்தும் கடைகளில் கிலோ ஊன்ற அறுபதுகள் ஆகிவிட்டன. ஒரே நோட்டில் முன்பக்கம் ராத்தலும் பின்பக்கம் கிலோவுமாகக்கூட இருக்கும், எங்கள் நோட்டில் அப்படித்தான். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். ஓரத்தை வெட்டிவிடாமல் எடுங்கள்.