உருளைக்கிழங்கு குழைந்த மாலை

வணக்கம்.

ஷாந்தால் அகர்மான் இயக்கிய ‘ழான் டீல்மன்’ (1975) படத்தைப் பார்த்து முடித்தேன். 201 நிமிடம். கணவனை இழந்த ஒரு தாய் கிழங்கு சீவுகிறாள், பாத்திரம் கழுவுகிறாள், மகனுக்குச் சோறு போடுகிறாள். பிற்பகலில் வீட்டுக்கு வரும் ஆண்களிடம் காசு வாங்குகிறாள். அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று படம் சொல்லவே இல்லை. பெண்ணை இயந்திரமாகக் காட்டும் படத்தை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதல் நாளை மட்டும் பார்த்தால் இயந்திரம் என்றுதான் தோன்றும். படத்தில் நடப்பது மூன்று நாள். முதல் நாள் அவளுடைய ஒழுங்கை நமக்குப் பழக்குகிறது: அறையைவிட்டுப் போகையில் விளக்கை அணைக்கிறாள், பணத்தைச் சாப்பாட்டு மேசைமேல் உள்ள பீங்கான் பாத்திரத்தில் போட்டு மூடுகிறாள். இவை மனதில் பதிந்தால்தான் இரண்டாம் நாள் பிடிபடும். அன்று வந்தவர் போனபின் அந்தப் பாத்திரம் திறந்தே கிடக்கிறது. அவள் தலை கலைந்திருக்கிறது. அடுப்பில் கிழங்கு குழைந்துவிட்டது. அந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள் அலைகிறாளே, நீங்கள் தேடும் மனம் அங்கே இருக்கிறது.

முகத்தை அருகில் காட்டி வயலினையும் சேர்த்திருந்தால் ‘பாவம்’ என்று சொல்லி நகர்ந்திருப்போம். இதில் பின்னணி இசை இல்லை. பாபெத் மங்கோல்தின் கேமரா அசையாமல் எட்டவே நிற்கிறது. மற்ற படங்கள் இரண்டு ஷாட்டில் தாண்டிவிடும் சமையலறை இங்கே முழு நேரமும் ஓடுகிறது. முதல் நாள் படுக்கையறைக் கதவோ நம் முகத்துக்கு நேரே சாத்தப்படுகிறது, வெளியே நடைவழியில் வெளிச்சம் குறைவதை வைத்துத்தான் நேரம் போய்விட்டது என்று தெரிகிறது. எதை வெட்டுவது, எதை வைத்துக்கொள்வது என்ற அந்தத் தேர்வுதான் இந்தப் படத்தின் பெண் பார்வை. என்னைப் பொறுத்தவரை அதற்கு மேல் வசனம் தேவையில்லை.

மூன்றாம் நாள் சீக்கிரம் எழுந்துவிடுகிறாள். அதனால் தபால் நிலையம் இன்னும் திறக்கவில்லை. காபி ருசிக்கவில்லை, மறுபடி போடுகிறாள். கையில் மிஞ்சிய நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். வேலை அடக்கி வைத்திருந்தது எதை என்று அப்போதுதான் தெரிகிறது. அவளாக வரும் டெல்ஃபீன் செய்ரிக் இதைக் கண்ணீரால் நடிக்கவில்லை. தோளும் விரலும் போதுமாக இருக்கின்றன.

இன்னொரு முறை பார்ப்பதானால் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு, சுவிட்ச் ஒலியையும் செருப்பின் குதிகால் ஒலியையும் கேளுங்கள். நிறுத்தித்தான் ஆகவேண்டுமென்றால் ‘முதல் நாள் முடிவு’ என்ற அட்டை வரும் இடத்தில் நிறுத்துங்கள், நடுவில் வேண்டாம். கடைசி ஷாட்டில் மேசையருகே நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறாள். இருட்டு. விளக்கைப் போட எழுந்திருக்கவில்லை.